பதனிட்ட கட்டைவிரல்

எங்கள் கம்பெனியில் செலக்ஷன் மேசையைச் சுற்றி ஆறு பேர் நிற்போம். ஐந்து பேர் ஆம்பளைகள், ஆறாவது ஆள் நான். சௌந்தர்யா, டோக்கன் நம்பர் பதினான்கு. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமை எப்படிப் போனது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

செலக்ஷன் என்றால் வேறொன்றுமில்லை. சாயமேறி, பளபளப்பாகி வந்த ஆட்டுத்தோலை மேசையில் விரித்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது. பாதி வேலை கண்ணுக்கு: கீறல், உண்ணி கடித்த தழும்பு, சாயத் திட்டு. மீதி வேலை கட்டைவிரலுக்கு. தோலை லேசாக மடித்துக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால், நல்ல தோலில் மேலும் கீழும் ஒன்றாக நகரும். கெட்ட தோலில் மேல்பரப்பு மட்டும், கொப்புளத்தின் மேல்தோல் மாதிரி, தனியாக வழுக்கும். அதை நாங்கள் ‘லூஸ்’ என்போம். லூஸ் தோலில் ஷூ செய்தால் நாலு நாள் நடப்பதற்குள் சுருங்கிப்போகும். ஒரு நாளைக்கு நானூறு தோல் கையில் வரும்போது ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விரல்தான் சொல்ல வேண்டும்.

என் விரல் சொல்லும். அது நான் கற்றுக்கொண்டதில்லை. மேசைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் பக்கத்துக் கட்டடத்தில் பேஸ்டிங் லைனில் இருந்தேன், பசை நெடியில் தினமும் மண்டையிடி. ஒருநாள், ஒட்டுவதற்கு வந்த துண்டு ஒன்றை ‘இது லூஸ், ஒட்ட மாட்டேன்’ என்று திருப்பி அனுப்பிவிட்டேன். யாருடி அந்த மகராணி என்று பார்க்க செலக்ஷன் ஹெட் நயீம் அகமது பாயே இறங்கி வந்தார். கண்ணை மூடச் சொல்லி ஏழு துண்டு கொடுத்தார். ஏழையும் சரியாகச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை நான் மேசையில் நின்றேன். மண்டையிடி அன்றோடு போயிற்று. மகள் நிஷா ஸ்கூலில் ‘எங்கம்மா தோலுக்கு மார்க் போடுவாங்க’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன வருடம் சென்னையிலிருந்து புது ஜி.எம். வந்தார். இரண்டு நாள் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு எங்கள் பின்னாலேயே நின்றார். மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டார்.

“ஆறு பேருக்குத் தூக்கி வைக்க ஒரு ஹெல்பரா? இனிமே அவங்கவங்க தோல்கட்டை அவங்கவங்களே ரேக்ல வைக்கணும். அடுத்த மாசக் கடைசியில டெஸ்ட் வைப்பேன். பத்து கட்டு, கீழ போடாம வைக்கணும். முடியாதவங்க பழைய லைனுக்குப் போய்டலாம்.”

அதுவரை கட்டுகளைத் தூக்கி வைத்தது ரத்தினசாமி அண்ணன். அவரை அன்றைக்கே குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தரம் பிரித்த தோல் இருபதை ஒன்றாக அடுக்கி மடித்தால் ஒரு கட்டு. எட்டு கிலோ, நாலரை அங்குலக் கனம். அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல ரேக்கில் நிறுத்தி வைக்க வேண்டும். தட்டுகள் நெருக்கமாக இருப்பதால் அடியில் கை கொடுத்தால் இடிக்கும். இடது கையால் பக்கத்துக் கட்டுகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கட்டின் முதுகைக் கவ்வித் தூக்க வேண்டும். ஒரு பக்கம் கட்டைவிரல், மறு பக்கம் நாலு விரல். உள்ளங்கைக்கு அங்கே வேலையே இல்லை. விரிந்த விரல்களின் நுனியில்தான் அத்தனை எடையும்.

நானோ வளையல் கடையில் ஸ்கூல் பிள்ளைகளுக்கான அளவு வாங்குகிறவள். முதல் கட்டைக் கவ்வினேன். விரல் பாதிக் கனத்துக்குக்கூட இறங்கவில்லை. ஒரு சாண் தூக்குவதற்குள் நழுவிக் காலில் விழுந்தது.

ராமலிங்கம் சிரித்தான். என் எதிரில் நிற்பவன், முறம் மாதிரிக் கை. “ஏம்மா சௌந்தர்யா, உன் கையில வளையலே நிக்க மாட்டேங்குது, கட்டு எங்க நிக்கப்போவுது?”

“வளையல் நிக்கலனா இன்னா, நாக்கு நிக்குதில்ல. உன்னைத் திட்ட அது போதும்” என்றேன். மற்றவர்களும் சிரித்தார்கள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பேஸ்டிங் லைனுக்குத் திரும்பிப் போவதை நினைத்ததுமே அந்தப் பசை நெடி தொண்டையில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். விரலால் கவ்வித் தூக்குவதற்கென்றே ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது! தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருவன் அகலமான மரக்கட்டையில் சங்கிலி கட்டி, எடையை மாட்டி, விரல் நுனியால் தூக்கினான். அகலம் கூடினால் கட்டைவிரலுக்குத்தான் வேலை அதிகம், கை சின்னதானாலும் பழக்கினால் வரும் என்று சொன்னான். வாரத்தில் இரண்டு நாள் போதும், மற்ற நாள் கைக்கு ஓய்வு கொடு, கட்டை வழுவழுப்பாக இருக்கட்டும் என்றும் சொன்னான். எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டேன். வேண்டாததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் நாலு அங்குலத்துக்கு மேல் அகலமாக இருந்தவை இரண்டே. ஒன்று என் கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்த பெரிய பைபிள். அதில் கயிறு கட்ட மனசு வரவில்லை. இன்னொன்று செங்கல். பாத்ரூம் கட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரர் ஜோசுவா இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிப் போட்ட செங்கல் கொல்லையில் கிடந்தது. அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், பாத்ரூம் மட்டும் ஓடவே இல்லை.

ஒரு செங்கல்லைத் தட்டையாகப் போட்டு, மேலிருந்து கவ்வினேன். மூன்று கிலோ. பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கியது. மறுநாள் பதினைந்து. ஒரு வாரம் கழித்து செங்கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, கீழே ஒரு பையைத் தொங்கவிட்டேன். பைக்குள் கம்பெனிக் குப்பையில் கிடந்த உடைந்த ஷூ அச்சுகளைப் போட்டேன், ஒன்று அரைக் கிலோ இருக்கும். அச்சு போதாதபோது இரண்டு லிட்டர் பாட்டிலில் ஆற்று மணல். வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து இரண்டு மணி நேரம்.

“இன்னாடி இது, அடுத்தாப்ல என்னைத் தூக்கிக் கடாசப்போறியா?” என்றார் ஜோசுவா.

“நீ பாத்ரூம் கட்டியிருந்தா இந்தக் கல்லே மிஞ்சியிருக்காது. எல்லாம் கர்த்தர் சித்தம், போ.”

நிஷா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். நான் வலியில் பல்லைக் கடித்தால் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவாள். பாஸானால் அமிர்தி அருவிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது வாரம் தோல் உரிந்தது. செங்கல் சொரசொரப்பு கட்டைவிரலை அப்படியே சீவிவிட்டது. அடுத்த நாளும் தூக்கினேன், கல்லில் ரத்தம் ஒட்டியது. என்ன செய்வது? டெஸ்டுக்கு இன்னும் நாலு வாரம்தான். அப்போதுதான் என் மூளைக்கு அந்த அபார யோசனை வந்தது.

தோல் ஊரில் பிறந்தவளுக்குத் தோலைக் கெட்டிப்படுத்த வெள்ளைக்காரனா வந்து சொல்லித்தர வேண்டும்? பச்சைத் தோல் அழுகாமல், கிழியாமல் இருக்க அந்தக் காலத்தில் எதில் ஊறப்போட்டார்கள்? நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாங்கினேன். இடித்துக் கொதிக்கவைத்து, படிகாரம் ஒரு துண்டு போட்டு, ஆறியதும் விரல்களை முக்கினேன். உயிர் போகிற எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தினமும் சாயங்காலம் செங்கல், அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணீர்.

பத்தே நாளில் பலித்தது. விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, மரத்து, கெட்டியாகிவிட்டது. செங்கல் உராய்ந்தால் உறைக்கவில்லை. ஆறாவது வாரம் பையோடு சேர்த்து ஒன்பது கிலோவை முப்பது எண்ணும்வரை பிடித்தேன். ஜோசுவா கைதட்டினார். பேஸ்டிங் லைனில் இருந்த என் தோழி ஷஹீன் பானு மட்டும் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, மாட்டுக் குளம்பு மாதிரி ஆய்டுச்சி?” என்றாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டெஸ்ட் அன்று ஜி.எம். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ராமலிங்கம் பத்தாவது கட்டைத் தட்டில் இடித்துக்கொண்டே வைத்தான். நான் பத்தையும் இடிக்காமல், நடுங்காமல் வைத்தேன். கடைசிக் கட்டை மூன்றாம் தட்டு உயரத்தில் சும்மா அஞ்சு விநாடி பிடித்துக்காட்டிவிட்டுத்தான் செருகினேன். திமிர்தான், இல்லையென்று சொல்லவில்லை. மேசையைச் சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். நயீம் பாய் மட்டும் தட்டவில்லை. கண் கலங்கியிருந்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று மாதிரி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் போனோம். அருவியில் தண்ணீர் கம்மி. விலங்குக் கூண்டுகளைச் சுற்றிப் பார்த்தோம். மயில் கூண்டு ஓரத்தில் விழுந்து கிடந்த குட்டி இறகு ஒன்றை நிஷா எடுத்து வந்தாள்.

“அம்மா, தொட்டுப் பாரேன், எவ்ளோ மெத்துன்னு கீது!”

கட்டைவிரலால் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தடவினேன். கண்ணுக்கு இறகு தெரிகிறது, விரலுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. “ஆமாண்டா கண்ணு, மெத்துன்னு கீது” என்றேன். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கேட்டில் இருக்கும் வருகைப்பதிவு மிஷின் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. நாலு தடவை வைத்தேன். நாலு தடவையும் சிவப்பு விளக்கு. பின்னால் வரிசை நின்றது.

“இன்னாம்மா, ரேகையெல்லாம் எங்க விட்டுட்டு வந்த?” என்றார் செக்யூரிட்டி அதாவுல்லா. ஆள்காட்டி விரலைப் பதிந்துகொடுத்து உள்ளே விட்டார்.

அப்போதே போய் நயீம் பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏழு வாரம் ரத்தம் சிந்தி வாங்கிய இடம். ‘விரல் போச்சு பாய்’ என்று நானே எப்படிப் போய்ச் சொல்லுவேன்? எதிரில் ராமலிங்கம் நிற்கிறானே! அதனால் நடித்தேன். தோலை மடித்தேன், கட்டைவிரலால் தள்ளினேன், தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தது பாதி. மீதியைக் குத்துமதிப்பாகப் போட்டேன். வேலை தாமதமாகிறது என்று தெரிந்ததும் குத்துமதிப்பு ஜாஸ்தியாகியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் செய்தேன்.

ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் ஷூ பிரிவிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. அச்சில் ஏற்றி இழுத்த ஷூ மேல்தோல்கள், வண்டி நிறைய. எல்லாவற்றிலும் முன்பக்கம் சுருக்கம் விழுந்திருந்தது. கூடவே கட்டுகளின் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் முதல் தரம், டோக்கன் பதினான்கு.

ஜி.எம். கத்தினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நயீம் பாய் மேசையில் இரண்டு துண்டை வைத்தார்.

“கண்ணை மூடிக்கம்மா. எது லூஸ்?”

ஏழு துண்டைச் சரியாகச் சொன்ன அதே மேசை. மூடினேன். இரண்டையும் அழுத்தினேன், தள்ளினேன், மறுபடி அழுத்தினேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் செங்கல்லாகவே இருந்தன. “வலது பக்கம்” என்றேன்.

கண்ணைத் திறந்தேன். பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். வாங்கித் திருப்பி, கட்டைவிரலைத் தன் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார். தோலை நாங்கள் எப்படிப் பார்ப்போமோ, அப்படியே பார்த்தார்.

“இதுல இன்னா போட்ட?”

“ஆவாரம்பட்டை பாய். கடுக்காயும்.”

“தோலுக்குப் போடறதையா?”

“கிழியாம இருக்கணும்னு போட்டேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கையை விடாமலேயே நின்றார். “சொல்லியிருந்தா உன் கட்டை நானே தூக்கி வெச்சிருப்பேனேம்மா” என்றார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினவள் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையில்தான் நானும் விழுந்தேன்.

அப்புறம் அவரே ஆறுதலும் சொன்னார். “மனுஷத் தோல், உதிர்ந்து புதுசு வரும். மூணு மாசம் கைக்கு வேலை குடுக்காத. எண்ணெய் போடு. விரல் திரும்பி வந்துடும். வந்தா உன் எடம் உனக்குத்தான், நான் பேசிக்கறேன்.”

அந்த ‘வந்தா’வைப் பிடித்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போனேன். மூன்று மாதம் லீவு கேட்டேன். முடியாது என்றார். பேஸ்டிங்குக்காவது அனுப்புங்கள் என்றேன், என் வாயாலேயே! முப்பது வயதுக்கு மேல் அங்கே எடுப்பதில்லையாம், புது ரூல். பிறகு ஏதோ பெரிய உதவி செய்கிற முகத்தோடு சொன்னார்.

“உங்க கிரிப்பை நானே பாத்தேன். ஏ கிளாஸ். அதை எதுக்கு வேஸ்ட் பண்ணணும்? டேபிள்ல அஞ்சு பேரும் கட்டு தூக்கறதுல டைம் போவுதுன்னு கம்ப்ளெயின்ட் பண்றாங்க. நீங்க அங்கயே ஹெல்பரா இருங்க.”

ரத்தினசாமி அண்ணன் இருந்த இடம். அவரவர் கட்டை அவரவரே தூக்க வேண்டும் என்ற ரூல் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன, ரூல் எழுந்து நின்று பதில் சொல்லவா போகிறது?

இப்போது ஒரு நாளைக்கு நூறு கட்டு தூக்குகிறேன். தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவி, நுரைக்கல்லால் கட்டைவிரலைத் தேய்க்கிறேன். காய்ப்பு கொஞ்சம் இளகி, உள்ளே லேசாகக் கூச்சம் மாதிரி ஒன்று வரும். நிஷா அந்த மயிலிறகால் வருடிவிட்டு, “இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா?” என்று கேட்பாள். சில நாள் தெரிவதுபோலவே இருக்கும். மறுநாள் நூறு கட்டு. தூக்குகிறவரை காய்ப்பு போகாது. காய்ப்பு போகாதவரை மேசைக்குத் திரும்ப முடியாது. ஜோசுவா என்னைச் சந்தோஷப்படுத்த மிச்சமிருந்த செங்கல்லை வைத்துப் பாத்ரூமைக் கட்டி முடித்துவிட்டார். அங்கே போய்த்தான் அழுகிறேன்.

நேற்று ராமலிங்கம் முதல் தரம் என்று சீட்டு வைத்த கட்டைத் தூக்கப் போனேன். ஓரத்து மடிப்பில் மெல்லிய சுருக்கம் கண்ணில் பட்டது. லூஸ். விரலுக்குத் தெரியாததைக் கண் சொல்லியது.

“ராமலிங்கம், இதை ஒருக்கா பாரு.”

அவன் நிமிர்ந்தான். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, பாவம், பரிவாகத்தான் சொன்னான்.

“உனக்கு எதுக்கும்மா அந்தப் பேஜாரு? உன் பிடி மாதிரி இந்த ஆம்பூர்லயே யாருக்கும் கெடையாது. தூக்கி வெய்யி.”

விரல்களை விரித்துக் கட்டின் முதுகைக் கவ்வினேன். மூன்றாம் தட்டு. எட்டு கிலோ. கை நடுங்கவே இல்லை.